வருடத்துக்கு ஒரு ‘பண்பாட்டு நாள்’ நடத்தினால் பிள்ளைகள் கலந்து பழகிவிடுவார்களா?

கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். பல மொழி பேசுகிற, வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பிழைப்புக்காகப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள் ஒரு பக்கம்.

வருடா வருடம் ‘பண்பாட்டு நாள்’ நடத்துகிறோம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மேசை, மேடையில் பாட்டு, ஆட்டம், விதவிதமான உடை. அன்றைக்குப் பள்ளியே ஜேஜே என்று இருக்கும். மறுநாள் இடைவேளையில் போய்ப் பார்த்தால் அவரவர் மொழிக்காரர்கள் அவரவர் மரத்தடியில். மேடையில் கைகோத்து நின்ற பிள்ளைகளுக்கே பக்கத்தில் நின்றவர் பெயர் தெரியவில்லை.

இந்த வருடம் இதற்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. எனக்கு மனசில்லை. ஆனால் இது வேண்டாம் என்றால், அப்போ வேறென்ன செய்யலாம் என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் தேடித்தான் இங்கே வந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டம்.

நிழற்குடை எழுதியது:

ஐயா, அந்த நாளை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். என் அம்மாவுக்குப் பள்ளி மொழி வராது. பெற்றோர் கூட்டம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். தயக்கமில்லாமல் அவர் பள்ளிக்குள் நுழைந்தது அந்த மாதிரி நாள்களில் மட்டும்தான். ஆசிரியர்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்று சந்தேகம் கேட்பார்கள், அம்மா விளக்குவார், நடுவில் நான் மொழிபெயர்ப்பேன். மற்ற நாளெல்லாம் அவர்கள் சொல்வார்கள், அம்மா தலையாட்டுவார். அந்த ஒரு நாள் பெருமையும் போனால் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பள்ளியில் என்னதான் இருக்கிறது?

நீலமை எழுதியது:

எனக்கு நேர் எதிரான அனுபவம். நான் பிறந்ததே பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான். பெற்றோர்தான் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். எட்டாம் வகுப்பில் டீச்சர் கூப்பிட்டு, “உங்க ஊர் ஆட்டம் ஒண்ணு ஆடும்மா” என்றார். எனக்கு என்ன தெரியும்? வீட்டிலும் யாருக்கும் ஆடத் தெரியாது. யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்து ஆடினேன். அதைப் ‘பாரம்பரிய நடனம்’ என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

ஆனால் அதுவரை நான் வகுப்பில் கணக்கு நன்றாகப் போடுகிற பெண். அதற்குப் பிறகு ‘அந்த ஊர்க்காரப் பெண்’. எதற்கெடுத்தாலும் “உங்க ஆளுங்க இதுக்கு என்ன செய்வாங்க?” என்று கேள்வி. பதின்மூன்று வயதில் ஒரு சமூகத்துக்கே தூதராக இருப்பது பெரிய தொல்லை. நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையிடம் முதலில் “உனக்கு விருப்பமா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

நான் பள்ளி ஆசிரியர், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச் சொல்வது புதிய விஷயமே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு குழுக்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் மட்டும் வெறுப்பு குறையாது. அந்த இடத்தில் இருவருக்கும் சம மதிப்பு இருக்க வேண்டும், பொதுவான ஒரு இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் தெரிய வேண்டும். உங்கள் பண்பாட்டு நாளை இதில் வைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் ரிப்பன் வெட்டுவதால் கடைசி நிபந்தனை நிறைவேறுகிறது. மற்ற மூன்றும்? அவரவர் மேசைக்கு அவரவர் உழைக்கிறார்கள்.

அதே 1954ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்ததும் அடிதடி, கொடி எரிப்பு வரை போனது. சமாதானப்படுத்த முதலில் என்ன செய்தார் தெரியுமா? சேர்ந்து சாப்பிட வைத்தார், சேர்ந்து படம் பார்க்க வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார், லாரி பழுதாகி நிற்கிற மாதிரி செய்தார். எல்லோரும் கை வைத்தால்தான் தீரும் என்கிற வேலைகள் வந்த பிறகே பகை மெல்லக் குறைந்தது. பண்பாட்டு நாள் அந்தச் சினிமா மாதிரிதான். லாரி தள்ளுகிற வேலை வகுப்பறைக்குள் இருக்க வேண்டும்.

எதிர்க்காற்று எழுதியது:

அந்த 22 பேரும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரியான குடும்பத்துப் பையன்கள் சார். அதைக் கொண்டுவந்து மொழியே புரியாத பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குப் பொருத்துவது சரியா?

என் கவலை வேறு. நாற்பது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம் மலை போல் இருக்கிறது. குழு வேலை என்று உட்கார வைத்தால், தெரிந்த பிள்ளை எல்லாவற்றையும் எழுதும், தெரியாதது வேடிக்கை பார்க்கும். என் மகள் வீட்டுக்கு வந்து புலம்புவது இதைத்தான். ‘நல்லிணக்கம்’ என்ற பெயரில் என் பிள்ளை இலவச டியூஷன் டீச்சராக வேண்டுமா? இதைக் கேட்டால் உடனே வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவார்கள், பரவாயில்லை.

சாக்பீஸ்தூள் எழுதியது:

முத்திரை எல்லாம் இல்லை, நியாயமான கேள்வி. நீங்கள் சொல்கிற மாதிரி குழு வேலை நடந்தால் நானும் எதிர்ப்பேன். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளைக் கலந்ததும் வகுப்பறைகளில் சண்டை வெடித்தது. 1971ல் உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவர் மாணவர்களும் அதற்காக உருவாக்கியது, ஜிக்சா வகுப்பறை என்று பெயர்.

செய்முறை இதுதான். ஒரு பாடத்தை ஐந்தாகப் பிரிக்கிறோம். ஐந்து பேர் கொண்ட கலப்புக் குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி. எடுத்துக்காட்டாக, ஆறு பற்றிய பாடம் என்றால் ஒருவருக்கு அதன் பிறப்பிடம், ஒருவருக்கு அணைகள், ஒருவருக்குப் பாசனம், இப்படி. அவரவர் பகுதி அவரவர் கையில் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் அதைப் படிக்க முடியாது. கடைசியில் தேர்வு எல்லாப் பகுதியிலிருந்தும் வரும், தனித்தனி மதிப்பெண். அதனால் உங்கள் மகள் அடுத்தவனுக்காக எழுதித் தர வழியே இல்லை. அடுத்தவன் சொல்வதை அவள் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் அவளுக்குத்தான் மதிப்பெண் போகும்.

இதில் பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. மொழி சரியாக வராத பிள்ளையிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து நேராகக் குழுவில் பேசச் சொன்னால் அது அவமானத்தில் முடியும். நடுவில் ஒரு படி இருக்கிறது. ‘அணைகள்’ பகுதி கிடைத்த எல்லாக் குழுப் பிள்ளைகளும் முதலில் தனியாக ஒன்றுகூடி, சேர்ந்து படித்து, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பார்கள். அந்த ஒத்திகைக்கு நேரம் கொடுக்காமல் ஜிக்சா நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம். அங்கே ஒரே தாய்மொழிக்காரர் இருவர் இருந்தால் அந்த மொழியிலேயே பேசிப் புரிந்துகொள்ளட்டும், திரும்பி வந்து பள்ளி மொழியில் சொன்னால் போதும். “வகுப்பில் வேறு மொழி பேசினால் அபராதம்” என்கிற சட்டமெல்லாம் இங்கேதான் காலை வாரும்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. கணக்கில் ஒரு படியின் மேல் அடுத்த படி நிற்கிறது, துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது. சமூக அறிவியல், அறிவியலில் சில பாடங்கள், இவற்றுக்குச் சரி. வாரத்தில் ஒரு பாடவேளை கிடைத்தாலே நல்லது.

பின்கட்டு எழுதியது:

எதிர்க்காற்று சார் கேட்ட “மற்ற பிள்ளைகளுக்கு நஷ்டமா?” என்பதற்கு அக்கம்பக்கத்து உதாரணமே இருக்கிறது. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் 2007 முதல் 20 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வந்தது. பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் அதன் விளைவை ஆராய்ந்தார். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசையில் பிரித்திருந்தார்கள். யார் பக்கத்தில் யார் என்பது தற்செயலாக அமைந்ததால் ஆய்வுக்கு அது நல்ல வசதி.

ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் தாராளமாக நடந்துகொண்டார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழை மாணவனை ஒதுக்குவது அவர்களிடம் குறைவாக இருந்தது. கணக்கு, இந்தி மதிப்பெண்ணில் மாற்றமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் லேசான சரிவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்காற்று எழுதியது:

அந்த லேசான சரிவுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையாக வெடிக்கும்! சரி, குறித்துக்கொண்டேன். நடத்தை மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது வெளியிலும் தொடருமா? வகுப்பில் நண்பன், தெருவில் எதிரி என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

பின்கட்டு எழுதியது:

நீங்கள் சந்தேகப்படுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஈராக்கில் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் 2020ல் முடிவுகளை வெளியிட்டார். மைதானத்துக்குள் நல்ல மாற்றம். அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடச் சம்மதித்தார்கள், மாதங்கள் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அதே நெருக்கம் பெரிதாகப் பரவவில்லை.

இன்னொன்று, உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற ஆய்வாளர் நடத்திய கிரிக்கெட் தொடர். வெவ்வேறு சாதி இளைஞர்களை ஒரே அணியில் போட்டபோது சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் அந்தப் பலன் இல்லை, பெரும்பாலும் எதிர்மறைதான். இதைப் பள்ளி விளையாட்டு விழாவோடு சேர்த்துப் பாருங்கள். அணி பிரிக்கும்போது “நீங்களே சேர்ந்துக்கோங்கப்பா” என்று விட்டுவிட்டால் பிள்ளைகள் மொழிவாரியாகத்தான் சேர்வார்கள். அப்புறம் நாம் கோப்பை கொடுத்துப் பகையை வளர்க்கிறோம்.

நிழற்குடை எழுதியது:

பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் என் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான். வகுப்பாசிரியர் முகம் சிவக்க, “இவன் மூணு வாரமா வீட்டுப்பாடம் எழுதலை, பக்கத்துல இருக்கறவனையும் கெடுக்கறான்” என்பார். நான் அம்மா பக்கம் திரும்பி, “இன்னும் கொஞ்சம் நல்லா எழுதலாமாம், நண்பர்கள் ஜாஸ்தியாம்” என்பேன். அம்மா சிரித்துக்கொண்டே நன்றி சொல்வார். ஆசிரியருக்குக் குழப்பமான குழப்பம். இத்தனை சொல்லியும் இந்த அம்மா சிரிக்கிறாரே, பிள்ளை மேல் அக்கறையே இல்லையா என்று நினைத்திருப்பார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் உடம்பு சரியில்லாத செய்தி, உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, யாரோ பிள்ளையை அடித்த புகார், இவை எல்லாமே இப்படி ஒரு சிறுவனின் வாய் வழியாகத்தான் பெரியவர்களுக்கு இடையே போய்வருகின்றன. பணம் இருக்கிறது என்றால் கூட்டத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். சுற்றறிக்கையை அந்தந்த மொழியிலும் அனுப்புங்கள். வேலை நாளில் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, தினக்கூலிக்குப் போகிற பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பேசாதீர்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இந்த மொழிபெயர்ப்பாளர் யோசனையைக் கூட்டத்தில் நிச்சயம் வைக்கிறேன். இன்னொரு சந்தேகம். எங்கள் பள்ளியில் மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளை முதலில் தனி வகுப்பில் போட்டுவிடுகிறார்கள். மொழி வந்ததும் மாற்றுவோம் என்கிறார்கள். சில பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இது சரியா?

சாக்பீஸ்தூள் எழுதியது:

இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற பாதை இது. மொழி தெரியாத பிள்ளையைப் பொது வகுப்பில் சும்மா உட்கார வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஆகவே சமத்துவம் என்று சொல்வது ஒரு பள்ளம். சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடர்பான வழக்கில் 1974ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. புரியாத மொழியில் நடக்கும் பாடம் அந்தப் பிள்ளைக்குக் கல்வியே இல்லை, பள்ளி அதற்கு உதவி செய்தாக வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மற்ற பள்ளம் நீங்கள் சொல்வது. மொழி முழுசாக வரட்டும் என்று காத்திருந்தால் பள்ளிப் பருவமே முடிந்துவிடும். கனடாவின் ஜிம் கமின்ஸ் இதை நிறைய ஆராய்ந்தவர். அன்றாடப் பேச்சு சுமார் 2 வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. மைதானத்தில் சரளமாகக் கத்துகிற பையன் தேர்வுத் தாளில் திணறினால் அவன் மக்கு என்று முடிவுகட்டக் கூடாது. என்னைக் கேட்டால் ஒரு பகுதி நேரம் மொழி வகுப்பு, மீதி நேரமும் விளையாட்டு, ஓவியம், ஆய்வகம் எல்லாமும் மற்றவர்களோடு என்பேன். தனி வகுப்பிலிருந்து எப்போது வெளியே வருவார் என்ற தேதியைச் சேர்க்கும் அன்றே எழுதிவைக்க வேண்டும்.

மதிப்பெண்வாரியாகப் பிரிவு பிரிக்கும் பள்ளிகளிலும் இதே கதை. மொழி வராதவர்கள் எல்லோரும் கடைசிப் பிரிவில் குவிவார்கள். பள்ளி வாசலில் பார்த்தால் பன்முகம், வகுப்புக் கதவைத் திறந்தால் ஒரே முகம்.

வடக்குவாசல் எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பள்ளியில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே ஆட்கள். கலக்க வேறு பிள்ளைகளே கிடையாது. அப்படிப்பட்ட பள்ளி என்ன செய்வது?

பின்கட்டு எழுதியது:

வடக்கு அயர்லாந்தில் இதற்குப் பழைய அனுபவம் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகள்தான். சில பெற்றோரே முன்னின்று 1981ல் பெல்ஃபாஸ்டில் லகன் கல்லூரி என்ற கலப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள், முதலில் சேர்ந்தவர்கள் 28 மாணவர்கள். அதெல்லாம் எல்லோராலும் முடியாது. அதனால் இன்னொரு வழியும் அங்கே வந்தது, பகிர்ந்த கல்வி. பள்ளிகள் தனியாகவே இருக்கும், சில பாடங்களை மட்டும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பார்கள். 2016ல் அதற்கென்று சட்டமே போட்டார்கள்.

பக்கத்துப் பள்ளியோடு ஒரு அறிவியல் செயல்திட்டத்தை ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து செய்யலாம். இணையம் வழியாகவும் முடியும், ஐரோப்பாவில் பள்ளிகளை இப்படி ஜோடி சேர்க்கும் இ-ட்வின்னிங் திட்டம் 2005ல் தொடங்கியது. ஒரே ஒரு வீடியோ அழைப்பில் கையசைத்து விடைபெறுவதோடு நிறுத்தினால் அதுவும் பண்பாட்டு நாள்தான்.

வடக்குவாசல் எழுதியது:

நன்றி. கூடவே ஒன்று: எங்கள் பக்கம் இதைப் பேசினாலே, வேறு மதத்துப் பாட்டைப் பாட வைப்பீர்கள், எங்கள் பிள்ளை மனசு மாறிவிடும் என்று பயப்படுவார்கள்.

நீலமை எழுதியது:

அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், சிறுபான்மைக் குடும்பங்களுக்கு அது இன்னும் அதிகம். ஒரு பண்டிகையைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு, அந்த வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு. முதலாவது பாடம். இரண்டாவதற்கு வீட்டின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்ற பிள்ளையைத் தனியாக மூலையில் உட்கார வைக்கவும் கூடாது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவும் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறது: பிள்ளை தன் மொழி, பண்பாட்டை மதிக்க வேண்டும், தன்னுடையதல்லாத நாகரிகங்களையும் மதிக்கக் கற்க வேண்டும்.

செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. வருடத் தொடக்கத்திலேயே எல்லாச் சமூகத்தின் முக்கிய நாள்களையும் நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்றைக்குத் தேர்வு வைக்காதீர்கள். நோன்பு இருக்கிற பிள்ளையை மதிய வெயிலில் ஓட விடாதீர்கள். எனக்கு அந்த மேடையை விட இது பெரிதாகப் பட்டிருக்கும்.

நெறியாளர்:

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு சமூகத்தைப் பொத்தாம்பொதுவாகத் திட்டுகிற பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

சாக்பீஸ்தூள் சார், கடைசியாக ஒன்று. குழுவை யார் பிரிப்பது? ஆசிரியர் பிரித்தால் வேண்டியவர் வேண்டாதவர் என்பார்கள், பிள்ளைகள் பிரித்தால் மரத்தடிதான்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

வருகைப் பதிவேட்டை எடுத்து எண் சொல்லச் சொல்லுங்கள், ஒன்று முதல் எட்டு வரை, மறுபடி ஒன்றிலிருந்து. எல்லா ஒன்றும் ஒரு குழு. புதிதாக வந்த பிள்ளை ஒருவர் மட்டும் தன் மொழிக்காரர் யாரும் இல்லாத குழுவில் மாட்டிக்கொண்டால் மாற்றிக் கொடுங்கள், முதல் சில வாரங்களுக்குத் துணை வேண்டும். குழுவைச் சீக்கிரம் கலைக்காதீர்கள். முதல் வாரம் எல்லோரும் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள், புகார் வரும், அதற்குள் பயந்து மாற்றினால் வீண். ஒரு பருவம் ஓடட்டும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பண்பாட்டு நாள் இருக்கட்டும், நிழற்குடை சொன்னதைக் கேட்ட பிறகு அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மேடையேற விருப்பமா என்று பிள்ளைகளிடம் கேட்டே ஆக வேண்டும் என்பேன். கூடுதலாக ஒதுக்கப் போகிற தொகையில் பாதியை மட்டும் மொழிபெயர்ப்பாளருக்கும் சுற்றறிக்கைக்கும் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஜிக்சா பற்றித் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேச வேண்டும், கூட்டத்தில் வைத்தால் ஆசிரியர்கள் சங்கடப்படுவார்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

பாதி கேட்டால் கால்வாசிதான் தருவார்கள். முழுசையும் கேளுங்கள்.

நிழற்குடை எழுதியது:

கூட்டம் எத்தனை மணிக்கு வைத்திருக்கிறார்கள்?

கடைசிபெஞ்ச் எழுதியது:

காலை பதினோரு மணிக்கு. முதலில் அதை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.